பெத்தாய் வாரம்

"கேஸ் போட்டு ஜெயிக்கணும்னு உங்கள கூப்பிடலக்கா. எனக்குப் பேரு வேணும். என் புருசன சாகடிச்சவன் யாருன்னு ஒரே ஒரு பேரு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

கண்மணி இதைச் சொன்னபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹாஜாவின் கண் வெங்காயத்தில் இல்லை, கத்தியில் இருந்தது. அந்தக் கத்தி இறங்குகிற வேகத்தைப் பார்த்தால், மத்ததை அவள் எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லை.

சுங்கை ஆயர் தாவாரில், தோட்டத்து லயங்களை இடித்த பிறகு கட்டிக்கொடுத்த மலிவு விலை வீடு அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமையலறை மேசையின் ஒரு பக்கம் கண்மணி, எதிர்ப்பக்கம் அம்சவள்ளி. அம்சவள்ளிக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷம், நிஜமாக இடுப்பு உடைந்தவனையும் உடைந்ததாக நடிப்பவனையும் பிரித்துப் பார்ப்பதே வேலையாக இருந்தவள். இப்போது கோலா சிலாங்கூரில் ஒரு மாடி அறையும் ஒரு பழைய காடியும் வைத்துக்கொண்டு சொந்தமாகத் துப்பறிகிறாள். அந்தக் காடியை ஓட்டுவது ஹாஜா. நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்து, சாப்பிட வந்தவர்களிடம் "உங்களுக்கு நாக்கு சரியில்ல" என்று சொல்லிச் சொல்லியே பதினெட்டு மாதத்தில் கடையை மூடிய மகான். கடை போனது, வாய் போகவில்லை.

மேசையில் ஒன்பது தாள்கள் வரிசையாகக் கிடந்தன. கண்மணியின் கணவன் வீரனின் கடைசி நாலரை வருஷத்து இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள். பாகான் நக்கோடா ஓமார் போகிற வழியில், செம்பனைக் காட்டுக்கு நடுவில், பழைய காடி பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்குகிற தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே உலைக்கு முன்னால் பதினொரு வருஷம் நின்றவன் வீரன். ஈயத்தோடு வேலை செய்கிறவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் பார்க்க வேண்டும், எல்லை தாண்டினால் முழுச் சம்பளத்தோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். வீரனுக்கு ஒன்பது தடவையும் எல்லைக்குள்தான். அப்படி இருந்தும் அவன் மணிக்கட்டு இரண்டும் தொங்கிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு, சிறுநீரகம் நின்று, பிப்ரவரியில் செத்துப்போனான். இழப்பீடு கேட்டுப் போன கண்மணிக்கு நாலு வரியில் பதில் வந்தது: சாவுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை.

"அந்தக் கம்பெனி டாக்டர்தானே பொய் ரிப்போர்ட்டு எழுதுனது?" என்றாள் கண்மணி.

"இல்ல. நேத்து முழுக்க அதத்தான் விசாரிச்சேன். டாக்டர் சுத்தம். லேப்பும் சுத்தம். இரத்தம் உன் புருசனோடதுதான், நம்பரும் நெசம்."

"நம்பரும் நெசம், ஆளு செத்ததும் நெசம்," என்றான் ஹாஜா. "அப்ப இடையில ஏதோ ஒன்னு பொய்யிலா. என் கடையில கறி நல்லா இருந்துச்சு, ஆளு வரல. அந்த மாதிரி."

"உன் கறியப் பத்தி அப்புறம் துப்பறியலாம்," என்றாள் அம்சவள்ளி. "கண்மணி, கடைசி ரெண்டு மாசம் அவரு எப்படி இருந்தாரு? எதையும் விடாம சொல்லு."

கத்தி நின்றது. கண்மணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

"பேசிக்கல."

"என்னது?"

"கடைசி பதினோரு நாளு நாங்க பேசிக்கல. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வெரதம் இருந்தாரு. நானும் வெரதம். ஒரு வேள சாப்பாடு, அதுவும் நான் வீட்டுல ஆக்குற சைவம். வெளிச் சோறு தொடக்கூடாது. ஜனவரி நடுவுல ஒரு நாளு வேலை முடிஞ்சு வராரு, வாயிலயும் வேர்வையிலயும் பெத்தாய்க் கொட்ட நாத்தம். பாத்ரூம் போனா அங்கயும் அதே. எறா பிளச்சான் போட்ட பெத்தாய் சம்பாலத் தின்னுட்டு முருகனுக்குக் காவடி எடுப்பியான்னு கேட்டேன். தொடவே இல்லன்னு சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணாரு. நான் நம்பல. பொய்ச் சத்தியம் பண்றவன் கூட எனக்குப் பேச்சில்லன்னு சொல்லிட்டேன். பன்னெண்டாவது நாளு விழுந்தாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

ஹாஜா எழுந்து போய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

அம்சவள்ளி கேட்டாள். "அவருக்குப் பெத்தாய் சம்பால் எங்க கெடச்சிருக்கும்?"

"எங்க கேண்டின்லதான், நான் பாக்காதப்ப. நான்தானே அங்க சமைக்கிறேன். பெத்தாய் வாரம்னு ஒன்னு இருக்குக்கா. பேருதான் வாரம், மூனு வாரம் ஓடும். தெனமும் மத்தியானம் பெத்தாய் சம்பால், கம்பெனி செலவு. இரத்தத்துக்கு நல்லதாம். நாளைக்கு மறுபடி ஆரம்பிக்குது, அதுக்குத்தான் இந்த வெங்காயம்."

"வருசத்துக்கு எத்தன தடவ?"

"ரெண்டு."

அம்சவள்ளியின் புருவம் ஏறியது. சுவரில் குதிரைப் படம் போட்ட மாதக் காலண்டர் தொங்கியது, அதற்குப் பின்னால் பழைய வருஷத்துக் காலண்டர்களும். எதையும் தூக்கிப்போடாத குடும்பம். ஒவ்வொரு தேதியிலும் கண்மணி கேண்டினில் என்ன சமையல் என்று ஓர் எழுத்தில் குறித்திருந்தாள்.

"ஹாஜா, ரிப்போர்ட்ல இருக்கிற தேதியப் படி."

ஹாஜா படிக்கப் படிக்க அவள் காலண்டரைப் புரட்டினாள். ஜூலை இருபத்து நான்கு இரத்தம் எடுத்த நாள், அதற்கு முந்தின மூன்று வாரமும் பெ, பெ, பெ. ஜனவரி இருபத்து மூன்று, முந்தின மூன்று வாரமும் பெ. நாலரை வருஷத்தில் ஒரு தடவை கூடத் தப்பவில்லை.

"பெத்தாய் தின்னா ஈயம் எறங்குமா?" என்றான் ஹாஜா. "தெரிஞ்சிருந்தா நான் கடையில மருந்துன்னு போர்டு மாட்டிருப்பேனே."

"பெத்தாய் எதையும் எறக்காது. ஆனா மறைக்கும். அந்த நாத்தத்துக்குள்ள வேற எந்த நாத்தம் ஒளிஞ்சாலும் நம்ம ஆளுங்க பெத்தாயின்னுதான் நெனப்பாங்க. மாட்டிக்கிட்டது எங்கன்னா, இவரு சம்பாலத் தொடல, ஆனாலும் நாறிச்சு." அம்சவள்ளி கண்மணியின் பக்கம் திரும்பினாள். "வெரத நாள்ல தொழிற்சாலைக்குள்ள அவரு வாயில போட்டது ஏதாவது உண்டா? தண்ணியத் தவிர?"

"ஒன்னும் இல்லக்கா. வைட்டமின் மட்டும்தான். அது சாப்பாடு இல்லியே, மருந்துதானேன்னு..."

கண்மணி பாதியில் நிறுத்திவிட்டாள்.

"வைட்டமின் யாரு குடுக்கிறது?"

கண்மணி கத்தியைப் பலகை மேல் வைத்தாள். ஹாஜாவுக்குப் பதில் வராமலே போனால் தேவலை என்று இருந்தது.

"நான்தான்," என்றாள் கண்மணி. "பெத்தாய் வாரத்துல ஆபீஸ்லேருந்து ஒரு புட்டி வரும். சாப்பாட்டுக்கப்புறம் ஆளுக்கு ரெண்டு குடுக்கணும். எல்லாருக்கும் கையில குடுப்பேன். அவருக்கு மட்டும் நானே வாயில போட்டுவிடுவேன், கை தொங்கிப்போச்சுல்ல." அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்க கண்டுபிடிச்ச பேரு என்னோடதா?"

"கை உன்னோடது. புட்டியில நெரப்புனவன் வேற. அவன் பேருதான் நமக்கு வேணும்."

"எனக்கு இன்னிக்கே வேணும். என் தம்பி புனிதன் இப்ப அதே உலையில நிக்கிறான். சட்டப் பொத்தான் போட முடியல அவனுக்கு. நாளைக்கு அவனுக்கும் நானே குடுக்கணுமா?"

"நாளைக்கு ஒரு நாளு மட்டும் குடு, புட்டியில என்னன்னு பாக்கணும்," என்றாள் அம்சவள்ளி.

மறுநாள் காலையில் ஹாஜா ஒரு மூட்டைப் பெத்தாயோடு கேண்டினுக்குள் நுழைந்தான். காய் கொண்டுவருகிறவன் என்று கண்மணி சொல்லிவைத்திருந்தாள். "மூக்க மட்டும் கொண்டு போ, வாய காடியிலேயே வச்சிட்டுப் போ" என்பது அம்சவள்ளியின் உத்தரவு.

மத்தியானம் உலையாட்கள் பதினேழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். தின்றார்கள். நல்ல சம்பால்தான், ஹாஜா மனமார ஒத்துக்கொண்டான். கண்மணி புட்டியைத் திறந்து வெள்ளைக் கேப்சூல்களை எண்ணிக் கொடுத்தாள். கொடுக்கிற கையைத் தவிர அவளிடம் வேறெதுவும் அசையவில்லை. வரிசையில் ஐந்தாவதாக வந்த புனிதன் இரண்டு விரலால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையோடு வாயில் கொட்டிக்கொண்டான்.

வாசலில் கைகட்டி நின்று ஒவ்வொரு தொண்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் பாலகிருஷ்ணன். தொழிற்சாலையின் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி. இதே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன், வீரனின் பாடையில் ஒரு மூலையைத் தூக்கியவன், வீட்டுக்கு வந்து கண்மணியை விட அதிகமாக அழுதவன். கழுத்தில் டை, சட்டைப் பையில் மூன்று பேனா.

ஹாஜா மூட்டையைக் கட்டுகிற சாக்கில் புட்டிப் பக்கம் குனிந்தான். இரண்டு கேப்சூல் அவன் பைக்குள் போனது, மூன்றாவதை நகத்தால் கீறி முகர்ந்தான். முப்பது வருஷம் ஊரார் கடைச் சமையலறைகளில் கிடந்த மூக்கு. பெத்தாய் இல்லை. மூன்று நாள் வெயிலில் கிடந்து அழுகின முட்டை.

"நல்லா முழுங்குங்கடா தம்பிங்களா," என்றான் பாலகிருஷ்ணன். "இருவத்திமூனாம் தேதி இரத்தம் எடுக்குறாங்க. எல்லாரும் பாஸாகணும்லா."

அப்போது கண்மணி புட்டியோடு அவன் முன்னால் போய் நின்றாள். "சார், நீங்களும் ரெண்டு போட்டுக்குங்க. ஒடம்புக்கு நல்லதுதானே?"

"எனக்கு எதுக்கு? நான் என்ன ஒலையிலயா நிக்கிறேன்? ஆபீஸ்ல உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வைட்டமின் என்றால் உட்கார்ந்திருப்பவனுக்கும்தான் வேண்டும். உலையில் நிற்பவனுக்கு மட்டும் வேண்டிய வைட்டமின் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஹாஜாவுக்கே அது உறைத்தது என்றால் கண்மணிக்கு உறைக்காமல் இருக்குமா? அவளுடைய இடது கை மெதுவாகப் பின்னால் போய் வெட்டுப்பலகை மேல் கிடந்த கத்தியைத் தொட்டது.

ஹாஜா யோசிக்கவில்லை. மிச்சமிருந்த சம்பால் தட்டை முழங்கையால் இடித்துக் கீழே தள்ளினான். பாலகிருஷ்ணனின் வெள்ளைச் சட்டை சிவந்தது.

"ஐயையோ சார், மன்னிச்சிடுங்க! கைக்கு வயசாயிருச்சு!"

பாலகிருஷ்ணன் அவன் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான். கண்மணியும் திட்டினாள், வேறு காரணத்துக்காக.

"ஏண்ணே தடுத்தீங்க? பேரு கெடச்சிருச்சுல்ல?"

"பேரு கெடச்சிருச்சு தங்கச்சி. ஆனா நீ ஜெயிலுக்குப் போயிட்டா புனிதனுக்கு யாரு பொத்தான் போட்டுவிடுவா?"

அன்று சாயங்காலம் மூன்று பேரும் காடிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தஞ்சோங் காராங்கில் ஒரு மருந்துக் கடையில் அந்தக் கேப்சூலைக் காட்டிவிட்டு அம்சவள்ளி திரும்பியிருந்தாள். கையில் பெரிய பொட்டலம் ஒன்று. அதைத் தொட ஹாஜாவுக்கு அனுமதி இல்லை.

"ஈய நஞ்சு ஏறினவனுக்கு ஆஸ்பத்திரியில குடுக்கிற மருந்து. இரத்தத்துல இருக்கிறத வாரி வெளிய தள்ளும். ஆனா வேலைய நிறுத்திட்டுத்தான் குடுக்கணும். இவங்க ஒலையில நிக்க வச்சே குடுத்திருக்காங்க. பரிசோதன அன்னிக்கு இரத்தம் சுத்தமா இருக்கும், எலும்புல இருக்கிறது மறுபடி எறங்கி வரும். ஆள மாத்த வேணாம், ஒல நிக்க வேணாம், பேப்பர்ல எல்லாரும் ஆரோக்கியம்."

"அப்ப போலீஸுக்குப் போவோம்!" என்றான் ஹாஜா.

"போனா என்ன சொல்லுவான்? கேண்டின்காரி குடுத்தா, எனக்குத் தெரியாதும்பான். பதினேழு பேரும் கண்மணி கையால வாங்குனோம்னுதான் சாட்சி சொல்லுவாங்க. புருசனக் கொன்னவளே இவதான்னு அவன் கத எழுதிருவான்." அம்சவள்ளி கண்மணியைப் பார்த்தாள். "உனக்கு அவன் சாகணுமா, இல்ல அவன் வாயாலயே ஒத்துக்கணுமா?"

கண்மணி செம்பனை மரங்களின் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஒத்துக்கணும். எல்லாரும் பாக்க," என்றாள்.

"அப்ப மூனு வாரம் பொறு. அவன் சொல்ற மாதிரியே செய். அவனக் கேட்டுக் கேட்டுச் செய். கேக்கிறத ஃபோன்ல கேளு."

அந்த மூன்று வாரம் ஹாஜாவுக்கு நரகம். தினம் பெத்தாய் கொண்டு போனான், தினம் பதினேழு பேர் முழுங்குவதைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்து அம்சவள்ளி ஒரு விரலைக் கூட அசைக்கவில்லை. "அக்கா, நீங்க இன்சூரன்ஸ்லயே இருந்திருக்கலாம்" என்று ஒரு நாள் கசப்பாகச் சொன்னான். அவள், ரோட்டைப் பார் என்றாள்.

ரிப்போர்ட் வந்த நாளில் தொழிற்சாலையின் கூட்ட அறையில் குளிர்சாதனம் ஓடியது. மேசைத் தலைமாட்டில், கண்மணியின் புகாரை விசாரிக்க வந்த, தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசாங்க அதிகாரி நூருல், பக்கத்தில் பாலகிருஷ்ணன். கண்மணியின் பிரதிநிதி என்று அம்சவள்ளிக்கும் ஹாஜாவுக்கும் இரண்டு நாற்காலி கிடைத்தது. கண்மணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றாள். உலையாட்கள் பதினேழு பேரும் வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள்.

நூருல் உறையைப் பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். பேச்செல்லாம் மலாயில் நடந்தது.

"பதினேழு பேரும் எல்லைக்கு மேலே. சிலருக்கு இரண்டு மடங்கு. புனிதன் என்பவரை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்."

பாலகிருஷ்ணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "இருக்கவே முடியாது புவான் நூருல்! லேப்பில் தப்பு. ஒரு நாள் விடாமல் எல்லாரும் முழுங்கினார்கள். நானே நின்று பார்த்தேன்!"

நூருல் ரிப்போர்ட்டைக் கீழே வைத்தாள்.

"எதை முழுங்கினார்கள்?" என்று கேட்டாள் நூருல்.

பாலகிருஷ்ணன் மறுபடி உட்கார்ந்தான். ஹாஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொட்டலம், கேண்டினில் தினம் எண்ணின கேப்சூல்கள், அம்சவள்ளியின் மௌனம். தன்னிடம் சொல்லாததற்குக் கோபப்படுவதா, தன் வாயைத் தானே அறிந்தவனாகச் சும்மா இருப்பதா என்று அவன் முடிவு செய்வதற்குள் கண்மணி ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். அறுநூறுக்குப் பக்கம் வெள்ளைக் கேப்சூல்கள். அழுகின முட்டை வாசனை அறை முழுக்க எழுந்தது.

"முத நாளு போனது போக மிச்சம் எல்லாம் இதுல இருக்கு," என்றாள் அவள் தமிழில்; அம்சவள்ளி அதை நூருலுக்கு மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள். "ரெண்டாவது நாள்லேருந்து ஆளுங்களுக்கு நான் குடுத்தது நெசமான வைட்டமின். அக்கா வாங்கிக் குடுத்தாங்க. பாக்க ஒரே மாதிரி இருக்கும்."

"ஆனா அவனுங்க மேல அந்த நாத்தம்..." என்று ஆரம்பித்து, அதையும் பாதியில் கடித்துக்கொண்டான் பாலகிருஷ்ணன்.

"பெத்தாய் சார். நீங்க போடச் சொன்ன பெத்தாய்தான். மறைக்கச் சொன்னா எல்லாத்தையும் மறைக்கும்."

"இவதான் குடுத்தா! புவான், இந்தக் கேண்டின்காரிதான்! எனக்கு ஒன்னும் தெரியாது!"

அம்சவள்ளி கண்மணியின் ஃபோனை மேசையில் வைத்துத் தட்டினாள். பாலகிருஷ்ணனின் குரல் தெளிவாக வந்தது: "கண்மணி, புது புட்டி என் டிராயர்ல இருக்கு, எடுத்துக்க. ஒருத்தனையும் விட்றாத. இவனுங்க இரத்தம் ஏறுச்சுன்னா ஒலைய நிறுத்திருவாங்க, அப்புறம் என் வேலையும் போயிரும்." இந்த மாதிரி பதினோரு குரல் செய்தி. நூருலின் பக்கத்தில் உட்கார்ந்து அம்சவள்ளி ஒவ்வொன்றையும் மலாயில் மாற்றிச் சொன்னாள். நாலாவதிலேயே நூருல் போதும் என்று கையைக் காட்டினாள்.

பாலகிருஷ்ணன் கண்மணியிடம் திரும்பினான். குரல் சட்டென்று லயத்துக்காரனின் குரலானது. "கண்மணி, நான் நம்ம ஆளும்மா. மேல இருக்கிறவன் சொன்னான், செஞ்சேன். வீரனுக்குப் பாட தூக்குனேன்ல?"

"தூக்குனீங்க. அவரு ஒரு பொய் சொல்லல சார். சத்தியம் பண்ணாரு, நான் நம்பல. பதினோரு நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தேன். நீங்க அழ வந்தப்ப இதச் சொல்லித்தானே நான் அழுதேன், உங்களுக்குத் தெரியும் அவரு பெத்தாயத் தொடலன்னு. ஒரு வார்த்த சொன்னீங்களா? அதுக்கும் சேத்து உள்ள போங்க."

ஹாஜா தன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை. பாலகிருஷ்ணன் மேல் அவனுக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை, அதில் அவனுக்கு வெட்கமும் இல்லை.

நூருல் பையிலிருந்து பாரங்களை, அரசாங்கப் படிவங்களை, எடுத்தாள். பதினேழு பேரையும் இந்த நிமிஷத்திலிருந்து உலையை விட்டு விலக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பாரம், நிரப்பிக் கையெழுத்திட வேண்டியவர் பாதுகாப்பு அதிகாரி. போலீஸ் வரும் வரை அந்த வேலையைச் செய் என்று அவன் முன்னால் தள்ளினாள். பாலகிருஷ்ணன் எழுதினான். புனிதனின் பெயரில் ஆரம்பித்துப் பதினேழும் முடிய அரை மணி நேரமாயிற்று. தொலைவில் உலையின் இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கி நின்றுபோனது.

"இன்னொரு தாள் குடுங்க புவான்," என்றாள் கண்மணி.

நூருல் அவளையே பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஒரு பாரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"பேரு வீரன். எழுதுங்க சார்."

"செத்தவனுக்கு இந்தப் பாரம் எதுக்கு கண்மணி? இது செல்லாது."

"செல்லுதோ இல்லியோ. எழுதுங்க."

பெயரை எழுதினான். அடையாள அட்டை எண்ணைக் கண்மணி மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல எழுதினான். வேலை செய்த இடம், வருஷம். பிறகு பேனா நின்றது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். காலியா இருக்கு."

அவன் நூருலைப் பார்த்தான், அவள் பார்வையைத் திருப்பவில்லை. அம்சவள்ளியைப் பார்த்தான், பயனில்லை. அரசாங்கப் பாரத்தில் ஈயத்துக்கு மலாயில் ப்ளம்பும் என்று எழுத வேண்டும். வீரனின் இரத்தத்தில் ப்ளம்பும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கண்மணி போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள். தாழ்வாரத்தில் பதினேழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப அதச் சத்தமா படிங்க."

பாலகிருஷ்ணன் எழுந்து நின்று படித்தான்.